கொல்லன் பேரனுக்கு ரூன் கவசமாம்!

ஏலே, அந்தப் போனைக் கொஞ்சம் தணிச்சுப் பிடி. எனக்குக் கண்ணு மங்கல்தான், காது மந்தம்தான். ஆனா சம்மட்டிச் சத்தம் கேட்டா இன்னமும் நிமுந்து உக்காந்துருவேன். மூணு நாளா இந்தத் திண்ணையில டிங்கு டிங்குன்னு கேக்கு. எவம்லே நம்ம பட்டறையைத் தொறந்துட்டான்னு எட்டிப் பாத்தா, கதவுல போட்ட பூட்டு துருப்பிடிச்சு அப்படியே தொங்குது. சத்தம் ஒன் உள்ளங்கைக்குள்ள இருந்துல்லா வருது!

ஒங்க அப்பனைத் துருத்தி இழுக்கக் கூப்பிட்டா வயித்துவலின்னு ஓடுவான். நீ அவனுக்கும் மேல. ஆறாப்பு படிக்கையில ஒரு ஆணி அடிக்கச் சொன்னேன். விரலைச் சப்பிக்கிட்டு ஆச்சி முந்தானைக்குள்ள போயி ஒளிஞ்ச பய நீ. இப்ப என்னடான்னா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சுரங்கத்துல கல்லு ஒடைக்கே. சரி, ஒழைக்கானே, கூலி ஏதும் வருமான்னு கேட்டா, மாசாமாசம் நீதான் அவனுக்குச் சந்தா கட்டுதியாம். வேலைக்குப் போறவன் முதலாளிக்குச் சம்பளம் குடுக்கத இந்த வயசுலதான்லே பாக்கேன்.

என்னது, பெட்டியில எஃகுப் பாளம் 540 குறையுதா? எவனோ ஹேக் பண்ணிட்டானா? இருக்கும், இருக்கும். உலகம் கெட்டுப்போச்சு. அதைப் பெறவு பாப்போம். மொதல்ல உன் ரூன் கவசத்துக்கு வா.

இந்த ரூன்ஸ்கேப்பு வெளையாட்டு 2001 சனவரியில இங்கிலாந்துல கோவர்னு அண்ணன் தம்பிங்க கிளப்பி விட்ட சரக்கு. நீ வெளையாடுதது அதுலயும் பழையது. 2007 ஆகஸ்டுல எடுத்து வச்ச நகலைத் தூசி தட்டி 2013ல மறுபடி தொறந்தானுக. புதுசு எம்புட்டு மினுக்குனாலும் எங்களுக்குப் பழசுதான் வேணும்னு சனம் நின்னுச்சு பாத்தியா, அது எனக்குப் பிடிச்சிருக்கு. இந்த வீட்டுலயும் பழசுக்கு அம்புட்டு மரியாதை இருந்தா ஒரு தம்ளர் காப்பியாவது சூடா வரும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு மொறைக்காத. திண்ணையில கெடக்கவன் காதுல நாலும் விழத்தான் செய்யும்.

ரூன் மார்க்கவசம் அடிக்கணும், அதானே ஒன் ஆசை? நல்ல ஆசைதான். பச்சை கலந்த நீலத்துல மினுமினுன்னு இருக்கு. ஆனா கணக்குப் பாத்தியாலே? அதை அடிக்கக் கொல்லு வேலையில லெவல் 99 வேணும். மாட்டிக்கிடத் தற்காப்புல 40 இருந்தாப் போதும். கூடவே எல்வார்க்னு ஒரு டிராகனைக் கொன்னுட்டு வந்திருக்கணும். அதாவது, போட்டுக்கிட்டு ஊர் சுத்துத பய 40ல நிப்பான், அடிச்சுக் குடுக்க ஆசாரிக்கு 99ல தலை நரைச்சிருக்கணும். இது ஒண்ணுதான் அந்த ஊருலயும் நம்ம ஊரு மாதிரியே இருக்கு.

நீ இப்ப எங்க நிக்கே? 71. எழுபத்தொண்ணுக்கும் தொண்ணூத்தொம்பதுக்கும் நடுவுல இருபத்தெட்டுப் படிதானேன்னு நெனச்சிருப்பே. அந்தக் கணக்கு வாத்தியார் படி கட்டுன லட்சணமே வேற. 99க்கு 1,30,34,431 புள்ளி சேரணும். நீ சேத்திருக்கது அதுல பதினாறுல ஒரு பங்கு. 92க்கு வந்தவன்தான் பாதி வழி வந்தவன். இந்த லெச்சணத்துல நீ ரூன் கவசத்துக்குன்னு இப்பவே நிலக்கரி வெட்டி மூட்டை மூட்டையா அடுக்குதே. பொண்ணே பாக்கல, அதுக்குள்ள தொட்டில் துணி நனைச்சுக் காயப்போட்ட கதைதான்.

சரி, கரி எம்புட்டு வேணும்? ஒரு ரூன் பாளம் உருக்க ரூன் கல்லு ஒண்ணு, நிலக்கரி எட்டு. மார்க்கவசத்துக்கு அஞ்சு பாளம். அப்ப நாப்பது கரி. உன் பையில இருக்கது 28 எடம். ஒரு பாளத்துக்கு ஒம்பது எடம் போனா, ஒரு நடைக்கு மூணு பாளம்தான் தேறும். ஒரே ஒரு கவசத்துக்கு உலைக்கு ரெண்டு நடை. எஃகுக்குக் கல்லு ஒண்ணு, கரி ரெண்டு. ஒரு நடைக்கு ஒம்பது பாளம் வந்துரும். மித்ரிலுக்கு நாலு கரி, அடமன்டுக்கு ஆறு. உலோகம் ஒசர ஒசரக் கரிதான்லே கல்லைத் திங்குது. நீ கல்லைப் பாத்து வாயப் பொளக்கே, காசு போறது கரியில.

இங்கதான் நீ ஒரு பெரிய வார்த்தை சொன்னே. “நானே வெட்டுன கரி தாத்தா, காசே கெடையாது, சும்மா வந்தது.” நானும் கேட்டுட்டுச் சும்மா இருந்தேன், ஏன்னா ஒங்க ஆச்சியும் நாப்பது வருசமா இதைத்தான் சொல்லுதா. வீட்டு நெல்லு, வீட்டுத் தேங்கா, வீட்டு எண்ணெய், அதனால அதிரசத்துக்குச் செலவே இல்லையாம். அந்த நெல்லைச் சந்தையில போட்டிருந்தா மூட்டைக்கு எம்புட்டு வந்திருக்கும்னு கேட்டா அன்னைக்கு ராத்திரி எனக்குப் பழைய சோறு. ஒனக்கு அந்தப் பயம் இல்லையேன்னு சொல்லுதேன். வரோக்குல கிராண்ட் எக்ஸ்சேஞ்சுனு சந்தை இருக்குல்லா? அங்க ஒன் கரிக்கு ஒரு வெலை உண்டு. அந்த வெலைக்கு விக்காம உலையில போட்டேன்னா, அம்புட்டுக் காசையும் நீதான் எரிச்சே. கையால வெட்டுனா என்ன, காசு குடுத்து வாங்குனா என்ன, உலைக்கு ரெண்டும் ஒண்ணுதான். போதாக்கொறைக்கு, மூணு ராத்திரி தூக்கத்துக்கும் ஒரு வெலை இருக்கு. அதை எந்தச் சந்தையிலயும் திருப்பி வாங்க முடியாது.

இன்னொரு கூத்தும் இருக்கு. அந்தச் சந்தையில பாளத்து வெலையைப் பாத்துட்டு, அதே பாளத்துல அடிச்ச சாமானோட வெலையைப் பாரு. முக்கால்வாசிச் சாமான் பாளத்தைவிட மலிவாக் கெடக்கும். ஏன்னா ஒன்ன மாதிரியே ஊர்ப்பய அம்புட்டும் லெவல் ஏத்த அடிச்சுத் தள்ளுதான். அவனுக்குப் புள்ளிதான் கூலி, சாமான் சக்கை. நாலு தெருவுல நாப்பது கொல்லன் இருந்து ராத்திரி பகலா அரிவாளா அடிச்சா, அரிவாளு வெலை என்னாகும்? இரும்புக்கடைக்காரன் மட்டும் மெத்தை வீடு கட்டுவான்.

அப்ப அந்த ரூன் கவசம் மட்டும் எப்படி வெலை நிக்குதுன்னு கேக்கே. கேளு. எவனும் போட்டுக்கிட வாங்குததால இல்ல. மந்திரத்துல 55 லெவல் வந்தவன் ஒரு மந்திரம் வச்சிருக்கான். சாமானைக் கையில வச்சு, மந்திரக் கல்லுல ஒரு நேச்சர் ரூனும் அஞ்சு நெருப்பு ரூனும் செலவழிச்சு முணுமுணுத்தான்னா, சாமான் மறைஞ்சு காசாகிரும். ரூன் மார்க்கவசத்துக்கு 39,000 காசு. அந்த 39,000ங்கிற தரையிலதான் அதோட வெலை கால் ஊணி நிக்கு. நீ கரி வெட்டி, கல்லு வெட்டி, குறுக்கு ஒடிய அடிச்சு, மினுமினுன்னு தொடச்சு வச்சா, ஒருத்தன் வருவான், வாங்குவான், முணுமுணுப்பான், புகைஞ்சு போயிரும். ஒரு பய மாட்டிப் பாத்திருக்க மாட்டான்.

நான் அடிச்ச அரிவாளு இன்னும் இந்த ஊருல அம்பது வீட்டுல எளநீ சீவுது. பிடி மட்டும் மாத்தியிருப்பான். போன பொங்கலுக்குக்கூட ஒருத்தன் கொண்டாந்து காட்டுனான், தேஞ்சு பாதியாப் போச்சு, ஆனா வாயி இன்னும் பேசுது. ஒன் கவசத்துக்கு அந்தக் கொடுப்பினை கெடையாது, கேட்டியா. பரவாயில்ல. காசாக்கத்தான் அடிக்கேன்னு தெரிஞ்சு அடி. மாலை போட்டு மரியாதை பண்ணப் போறானுகன்னு நெனச்சு அடிக்காத.

ஆமா, பாளம் எடுக்கதுக்கு முந்தி, எதுக்கு இந்தச் சாமான்னு கேட்டியாலே? நம்ம பட்டறைக்கு வந்தவன் “ஒரு அரிவாளு” ம்பான். நான் உடனே உலையில போட்டுருவனா? வெறகு வெட்டவா, கதிர் அறுக்கவா, பனை சீவவா, இல்ல மச்சினனை மெரட்டவான்னு கேப்பேன். மெரட்டத்தான்னா தகரத்துல அடிச்சாலும் போதும், மினுங்குனாச் சரி. வெறகுக்குன்னா லாரி வில்லுப் பட்டையை வெட்டித்தான் அடிக்கணும். அந்த எஃகு வளைஞ்சு நிமுந்து பழகுனது, அடி தாங்கும். கோடாலிக்கு உடம்பு முழுக்க எஃகு எதுக்கு? அந்தக் காலத்துல மெத்து இரும்பை மடிச்சு, வாயில மட்டும் ஒரு துண்டு எஃகு செருகித் தட்டுவோம். வெட்டுத எடத்துக்குத்தான் எஃகு. மிச்ச உடம்பு இடி வாங்கிக்கிடத்தானே.

ஒன் விளையாட்டுலயும் அது இருக்குலே, நீதான் பாக்கல. அந்த வளைஞ்ச கத்தி, சிமிட்டார், அதுக்கு ரெண்டு பாளம். நீட்டுக் கத்திக்கும் ரெண்டு பாளம். நீ நீட்டுக் கத்தியை அடிச்சே, பாக்க ராசா மாதிரி இருக்குன்னு. நீட்டுக் கத்தி ஒரு வீச்சுக்கு 3 நொடி எடுக்கும். சிமிட்டார் 2.4 நொடியில சுத்தி வந்துரும். அவன் நாலு வெட்டு வெட்டும்போது இவன் அஞ்சு வெட்டிருவான். இன்னொண்ணு, அந்த ரெட்டைக்கைப் பட்டாக்கத்தி, மூணு பாளம் தின்னுட்டு 4.2 நொடிக்கு ஒருக்கா வீசுது. தூக்குததுக்குள்ள எதிராளி சாப்பிட்டுக் கைகழுவி வந்துருவான். அதுக்காகப் பட்டாக்கத்தியே வேண்டாம்னு சொல்லல. ஒரே அடியில பெருசா விழணும்னு ஏங்குதவனுக்கு அதுதான் சுகம். ஒனக்கும் அப்படித்தான், பரீட்சைக்கு மொத நாள் ராத்திரிதானே படிப்பே.

மந்திரவாதி முன்னால உலோகக் கவசம் போட்டுட்டுப் போயி நின்னியே, போன வாரம்? நானும் பாத்தேன். சட்டிக்குள்ள போட்ட நண்டு மாதிரி வெந்துட்டே. இரும்பு கத்தியைத் தடுக்கும், மந்திரத்தை ‘வா வா’ன்னு கூப்பிடும். அந்த எடத்துக்கு டிராகன் தோலுதான் சட்டை. கொல்லனே சொல்லுதேன், அதுக்குத் தோல் தைக்கவன்கிட்டப் போ. ஒசந்த உலோகம் எல்லாத்துக்கும் ஆகும்னு எந்த ஆசாரியும் சொன்னதில்ல, கடைக்காரன்தான் சொல்லுவான்.

இரும்பு உருக்கதுல ஒரு அநியாயம் இருக்கு பாரு, அதை நெனச்சாத்தான் சிரிப்பு. சாதா உலையில பத்துக் கல்லு போட்டா அஞ்சு மாயமாப் போயிரும். பாதிக்குப் பாதி. நான் அப்படி உருக்கியிருந்தா இரும்பு குடுத்தவன் என்னைத்தான் உலையில வச்சிருப்பான். அதுக்கு ஒரு மாணிக்க மோதிரத்தை மந்திரிச்சுப் போட்டுக்கிட்டா 140 கல்லு வரைக்கும் சேதாரம் இல்ல. இல்லையா, கெல்டாக்ரிம்னு குள்ளனுக ஊரு இருக்கு, அங்க இருக்க ஊதுலைக்குப் போயிரணும். அங்க இரும்பும் வீணாகாது, கரியும் பாதிதான். ரூனுக்கு எட்டுக் கரின்னு சொன்னேம்லா? அங்க நாலு. ஆனா உலையை ஓட்டுத குள்ளனுக சும்மா வேல செய்ய மாட்டான். மணிக்கு 72,000 காசு உண்டியல்ல இருந்து உறிஞ்சிருவான். காசைப் போட்டுட்டு நீ எந்திரிச்சுப் போயித் தோசை தின்னேன்னா, ஒன் தோசைதான் இந்த ஜில்லாவுலயே வெலை கூடின தோசை.

வெண்கலத்தைச் சொல்லாம விட்டா என் பாட்டன் கனவுல வந்து குறட்டால மூக்கைப் பிடிப்பான். செம்பு ஒண்ணு, தகரம் ஒண்ணு, வெண்கலம் ரெடின்னு போட்டிருக்கான் அந்த வெள்ளைக்காரன். செம்புக்குச் சரிபாதி தகரம் போட்டா அது வெண்கலமா? கண்ணாடிலே. கீழ விழுந்தா நொறுங்கிரும். நிசத்துல ஆயுதத்துக்குன்னா பத்துல ஒரு பங்குதான் தகரம். கோயில் மணிக்கு அஞ்சுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட, அதான் நாதம் நிக்கும். போட்டும், கதை ஊருல கதை வெண்கலம். மித்ரிலே டோல்கீன்னு ஒரு வாத்தியார் மோதிரக் கதையில உண்டாக்குன உலோகம்தானே. இல்லாத உலோகத்துக்கு எத்தனை கரி போட்டா என்ன, யாரு வந்து கேக்கப் போறான்.

ஆனா ஒண்ணு சொல்லுதேன். அந்த விளையாட்டுல ஒரே ஒரு எடத்துல எவனோ பட்டறை தெரிஞ்சவன் ஒக்காந்து யோசிச்சிருக்கான். அல் கரிதுக்குக் கெழக்க, கோவாக்னு ஒரு ராட்சசன் பட்டறை. 2022ல தொறந்தது. அங்க போறதுக்கு நீ ரூன் கவசம் மாதிரி தொண்ணூத்தொம்பதுக்குக் காத்துக் கெடக்க வேண்டாம், கொல்லு வேலையில 15 இருந்தாலே உள்ள விட்டுருவான். நீ போயிருக்கே, ஒரு தடவை. திரும்பி வரும்போது மூஞ்சி எண்ணெயில பொரிச்ச அப்பளம் மாதிரி இருந்துச்சு.

என்ன செஞ்சே? கோவாக் மொதல்ல ரெண்டு வார்த்தை சொல்லுவான். மெலிசாவும் கனமாவும் வேணும்பான். இல்ல, அகலமாவும் முள்ளு முள்ளாவும்பான். நீ அதைப் படிக்கவே இல்ல. நேராப் போயி மூசைக்குள்ள 28 அடமன்ட் பாளத்தைக் கொட்டுனே. இருக்கதுல ஒசந்தது இதான், இதைப் போட்டாக் கத்தி ஒசத்தியா வரும்னு. கத்தி என்னவோ சுமாரா வந்துச்சு, கோவாக்கும் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டான்.

ஏலே, அந்த மூசை ரெண்டு உலோகம் கலக்கத்தான் வச்சிருக்கது. ஒரே உலோகத்தை நெறைச்சா மதிப்பு கொறையும். 14 மித்ரில், 14 அடமன்ட், சரிபாதி. அப்பந்தான் கத்தி எந்திரிக்கும். பாளம் இல்லையா, பெட்டியில கெடக்க பழைய கவசம், கேடயம் எல்லாத்தையும் உடைச்சுப் போடலாம். ஆனா சேதாரம் உண்டு, அஞ்சு பாளத்துல அடிச்ச மார்க்கவசத்தைப் போட்டா நாலுன்னுதான் எடுத்துக்கிடுவான். நகைக்கடையில பழைய சங்கிலியை மாத்தப் போயிட்டு ஒங்க ஆச்சி அழுதாளே, அதே கணக்கு. ஆனாலும் பாரு, எவனும் சீண்டாத கவசம் சந்தையில பாளத்தைவிட மலிவுன்னு சொன்னேம்லா? அதை வாங்கி இங்க போடு. வெலை கெட்ட சாமானுக்கும் ஒரு எடம் இருக்கு, அது எந்த எடம்னுதான் தெரியணும்.

பெறவு அச்சு. அடிப்பகுதிக்கு ஒண்ணு, அலகுக்கு ஒண்ணு, நுனிக்கு ஒண்ணு. கோவாக் சொன்ன ரெண்டு வார்த்தைக்கும் எது கூடப் பொருந்துதோ அதை எடுக்கணும். உனக்குப் பிடிச்ச டிசைனை இல்ல. வாங்கவன் இடுப்புக்கு அளவெடுத்துட்டு, தையக்காரன் தன் இடுப்புக்குத் தைக்கானாலே?

அதுக்கு அப்புறம் வரதைப் பாத்து எனக்கே கண்ணுல தண்ணி வந்துச்சு. கத்தி செவசெவன்னு இருக்கும்போது சம்மட்டி. கொஞ்சம் ஆறி வரும்போது சாணைக்கல்லு. நல்லா ஆறுனப்புறம் மெருகுச் சக்கரம். சூடு தப்புனா வேல கெட்டுச்சு. எரிகுழம்புல முக்கிச் சூடு ஏத்தணும், அருவித் தண்ணியில காட்டி எறக்கணும். அதுலயும் பாத்தியா, சம்மட்டி விழ விழ இரும்பு ஆறுது, சாணையில வைக்க வைக்கச் சூடேறுது. நெசம்லே அது! எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லிக் குடுக்க மாட்டான். ஒங்க அப்பனுக்கு நான் அஞ்சு வருசம் சொன்னேன் இதை, மண்டையில ஏறல. யாரோ கடல் தாண்டி ஒரு பய பொட்டிக்குள்ள வச்சிருக்கான்.

இல்லலே, கண்ணுல தூசி. வயசாச்சுல்லா.

அதனால, அடுத்து என்ன அடிக்கலாம்னு இருக்கே? இன்னும் ரூன்தானா? நல்லாருப்பே. 85க்குப் போனாத்தான் ரூன் பாளமே உருக்க முடியும், சுரங்க வேலையிலயும் 85 வந்தாத்தான் அந்தக் கல்லையே தொட முடியும். அதுவரைக்கும் ஒன் கரி மூட்டை பெட்டியில தூங்கட்டும், அதுவாவது தூங்கட்டும்.

எஃகைப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசல, கவனிச்சியா? 30 லெவல் சரக்கு, சாம்பக் கலர், எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். அதை அச்சுல ஊத்துனாப் பீரங்கிக் குண்டு. ஒரு பாளத்துக்கு நாலு குண்டு. 35 லெவலும், குள்ளனுக பீரங்கிக் கதையை முடிச்சிருக்கதும் போதும். பையில அச்சுக்கு ஒரு எடம் போனா மிச்சம் 27 பாளம், ஒரு நடைக்கு 108 குண்டு. எட்ஜ்வில்லுல வங்கிக்குப் பக்கத்துலயே உலை இருக்கு, பத்து எட்டு நடந்தா வந்துரும். ஒருக்கா தட்டிவிட்டா அது பாட்டுக்கு மெதுவா வெந்துக்கிட்டே இருக்கும், ரெண்டு வெத்தலை போட்டுக்கிடலாம், கொஞ்சம் இருமிக்கிடலாம், திரும்பித் தட்டலாம். ராத்திரி மூணு மணிக்குத் தூக்கம் வராம கெடக்க கெழவனுக்குன்னே செஞ்ச மாதிரி வேல. குண்டை எவனும் பெட்டியில வச்சுப் பூசை பண்ண மாட்டான், சுடுவான், தீரும், திரும்ப வாங்க வருவான். அம்புட்டுத்தான்லே சரக்கு.

இருபது நடை போட்டா 540 பாளம் ஆகுது. 2,160 குண்டு. அதுல முந்நூறைச் சந்தையில போட்டிருக்கேன், வெலை கொஞ்சம் ஏறட்டும்னு காத்துக்கிட்டு இருக்கு. மிச்சம் பெட்டியில, கடைசி வரிசையில, ஒன் பூசணிக்கா முகமூடிக்குக் கீழ கெடக்கு. பாரு. பாத்துட்டு, ஹேக்கரைப் பிடிக்கேன்னு பாஸ்வேர்டை மாத்திராத. ஆச்சிக்கிட்டயும் சொல்லிராத, இருமலுக்கு மருந்து குடிக்கத்தான் எந்திரிக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன்.